நூறடிக் கிணற்றில் அழகிரிசாமி ஆட்டிய கயிறு

சூலூர் பக்கம் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் அடியில் அழகிரிசாமியின் தலை தெரியும். வற்றிய கிணற்றுக்குள் இறங்கி, பாறைச் சுவரில் படுக்கைவாட்டில் துளை போட்டுத் தண்ணீர் தேடுவது அவர் தொழில். சைடு போர் என்பார்கள். பூமிக்கு மேலே அவர் இருந்ததெல்லாம் சேர்த்தால் ஒரு தீபாவளி லீவு தேறும்.

அவர் உட்கார்ந்து இறங்கும் பலகையின் வடக்கயிற்றை மேலே இழுக்கும் எஞ்சினுக்கு அரங்கசாமி. அவருக்கு ஒரே சட்டம்தான். கீழேயிருப்பவர் கயிற்றை மூன்று முறை ஆட்ட வேண்டும். அந்த ஆட்டம் உள்ளங்கைக்கு வந்தால்தான் எஞ்சினைத் தொடுவார். தொண்டை கிழியக் கத்தினாலும் நம்ப மாட்டார்.

தொண்ணூற்றைந்தில் ஒரு சித்திரை மாதம், சாமியாத்தாள் தோட்டத்துக் கிணறு. நூறடி ஆழம். மத்தியானம் மூன்றாவது துளையில் தண்ணீர் பீறிட்டது. நொய்யல் ஆறே வழி தவறி உள்ளே வந்துவிட்டதோ என்னவோ, ஒரு பீடி பிடிக்கும் நேரத்தில் முழங்கால்.

அழகிரிசாமி கயிற்றை ஆட்டினார். தொய்ந்த கயிற்றில் அந்த ஆட்டம் ஒரு புடைப்பாகி, எலி விழுங்கிய சாரைப்பாம்பாட்டம் மெதுவாக ஏறியது. இழுத்துப் பிடித்து ஆட்டினார், அம்பாகப் பாய்ந்தது. கயிறு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆட்டம் மட்டும்தான் ஓடியது. ஆனால் வலப்பக்கம் புடைத்துப் போனது, பாதி உயரத்தில் முட்டி, இடப்பக்கம் புடைத்துத் திரும்பி வந்தது. அண்ணாந்து பார்த்தார். கயிறு பாறை விரிசலில் சிக்கிக் கிடந்தது. மேலே அரங்கசாமி, செத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு விசுவாசமாக உட்கார்ந்திருந்தார்.

"அரங்கசாமீ!"

நாலு சுவரும் நாலு அரங்கசாமியைத் திருப்பிக் கொடுத்தன. ஒன்றோடொன்று குழம்பி வெறும் உறுமல்தான் மிஞ்சியது. அதையும் கிணற்றோரத்துத் தறிக்கூடத்தின் எட்டுத் தறிகள் விழுங்கிவிட்டன. கயிற்றைப் பிடித்து ஏறப் பார்த்தார். கையெல்லாம் சேறு, மூன்று முறை வழுக்கி விழுந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அவர் அசைந்தால் எழும் அலை சுவரைத் தொட்டுத் திரும்பி, எதிரே வரும் அலையை ஊடுருவிக்கொண்டு போனது. அலைக்குக்கூட வெளியே போக வழியில்லை.

மிச்சமிருந்தது மோட்டாரைக் கழற்றிய பிறகும் கரைவரை நின்ற இரும்புக் குழாய். சுத்தியலால் அடித்தார். இரும்புக்குள் சத்தம் கயிறு மாதிரி பக்கவாட்டில் ஆடாது. சந்தை நெரிசலில் கடைசி ஆளை இடித்தால் முதல் ஆள் தடுமாறுவது போல, தள்ளித் தள்ளியே ஓடும்.

மேலே அந்தக் குழாயில் முதுகைச் சாய்த்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த சாமியாத்தாளுக்கு முதுகெலும்பு கிணுகிணுத்தது.

"அழகிரிசாமிக்கு டீ வேணுமாட்டிருக்குதுங்க. நேத்தும் இப்படித்தான் தட்டுனாருங்க."

"குடுத்து உடுங்கக்கா. வெயிலுக்கு வறண்டு கெடப்பாரு" என்றார் அரங்கசாமி.

மார்பளவுத் தண்ணீரில் நின்ற அழகிரிசாமியின் மூக்குக்கு நேரே, சணல் கயிற்றில் ஒரு தூக்குப்போசி இறங்கியது. சூடான டீ. சுக்குக்கூடத் தட்டிப் போட்டிருந்தது.

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தக் கயிற்றைப் பிடித்து மூன்று முறை ஆட்டினார்.

"ஏனுங்க, மூணு தடவ ஆடுதுங்க! தூக்கச் சொல்றாருங்க!"

"எங்கயிறு ஆடலீங்களே."

"உங்கயிறு நாசமாப் போவ! எட்டிப் பாருங்க!"

அரங்கசாமி எட்டிப் பார்த்தார். அழகிரிசாமி கழுத்தளவில் இருந்தார். எஞ்சினைப் போட்டிருந்தால் சிக்கிய கயிறு அறுந்திருக்கும். அரங்கசாமி கயிற்றைத் தளர்த்தி, முழு உடம்பையும் போட்டு ஓங்கி உதறினார். பெரிய புடைப்பொன்று சுழன்று இறங்கி விரிசலில் மோதியது. ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கயிறு விரிசலை விட்டுத் துள்ளி, அழகிரிசாமியின் கையில் சுளீரென்று அடித்தது. அவர் பலகையில் தொற்றிக்கொண்டு ஆட்டினார்.

உள்ளங்கைக்கு ஆட்டம் வந்த பிறகுதான் அரங்கசாமி எஞ்சினைத் தொட்டார்.

கரையில் குப்புற விழுந்து மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தவரிடம் சாமியாத்தாள் கேட்டார்: "டீயக் குடிச்சீங்களா இல்லீங்களா?"

"கெணத்துலயே கலந்துபோட்டனுங்க. இன்னும் ஒரு வருசத்துக்கு உங்க மஞ்சக்காடு டீ குடிக்குமுங்க" என்றார் அழகிரிசாமி. மண்ணைப் பிடித்த கையை மட்டும் விடவில்லை.