மேடத்தின் மெல்லிய கோடுகள்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஃபிலிம் கிடக்கிறது. ஊதுபத்திப் பெட்டி அச்சடிக்க எடுத்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சின்ன ஆங்கில எழுத்துகளின் ஓரத்தில் பழுப்பு மை தெரியும். அது என் தூரிகை பட்ட இடம்.

ஹெப்பாளில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கூடத்தில் வேலை செய்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்த நாள் மறக்கவில்லை. நிற்கிற கோடு தூண்போலக் கனம், படுக்கிற கோடு மயிரிழை, ஒவ்வொரு காலுக்கும் கீழே மெல்லிய பாதம். எங்கள் கூடத்துக்குப் பெட்டி டிசைன் கொடுத்த மேடம் அதை இரண்டு வருடம் உட்கார்ந்து தானே வரைந்தாராம். பெரிய எழுத்தில் இருந்த பெயர் அழகாக விழுந்தது. அடியில் இருந்த சின்ன வரிகளில்தான் மெல்லிய கோடுகள் ஸ்கிரீன் வலையில் நிற்காமல் ஒடிந்து ஒடிந்து வந்தன. மறுநாள் காலை மாதிரிப் பெட்டி ஊதுபத்திக் கம்பெனிக்குப் போக வேண்டும். இப்படியே போனால் இந்த எழுத்து பெட்டிக்கு ஆகாது என்று பழைய எழுத்துக்கே திரும்பிவிடுவார்கள். மேடத்துக்கு போன் செய்திருக்க வேண்டும். பெரியவர்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. கேட்காமலே தூரிகையை எடுத்து, ஃபிலிமில் சின்ன வரிகளின் மெல்லிய கோடுகளுக்கு மட்டும் துளித்துளியாக மை ஏற்றினேன்.

காலையில் மேடம் வந்து ஃபிலிமை லென்ஸ் வைத்துப் பார்த்தார். யார் தொட்டது என்று கேட்டார். கொள்ளேகால்காரரான எங்கள் முதலாளி என்னைக் காட்டினார்.

“இவந்தானுங்க மேடம். ஏபிசிடி தெரியாது, எழுத்தத் திருத்த வந்துட்டான்.”

நான் பெட்டி காயவைக்கும் அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன். மேடம் கூப்பிட்டார்.

“அண்ணா, இங்க வாங்க. பெரிய எழுத்த ஏன் தொடல?”

“அதுல கோடு நிக்குதுங்க. சின்னதுலதானுங்க ஒடியுது.”

“அப்ப சின்னதுல எல்லாத்தையும் தடியாக்கியிருக்கலாமே?”

“தூணும் கோடும் ஒண்ணாப் போயிருமுங்க. அப்பறம் அது உங்க எழுத்தா இருக்காதுங்க.”

மேடம் லென்ஸைக் கீழே வைத்தார். பிறகு முதலாளியிடம் திரும்பினார். “ஏபிசிடி தெரிஞ்ச நான் ரெண்டு வருஷமா இத கம்ப்யூட்டர்ல பெருசாக்கியே பாத்துட்டிருந்தேன் சார்.”

அந்தப் பெட்டியே போனது; கம்பெனியும் ஒத்துக்கொண்டது. மேடம் ஃபிலிமை போட்டோ எடுத்துக்கொண்டு போய், சின்ன அளவுக்கென்றே அந்த எழுத்தில் தனியாக ஒரு வகை வரைந்தார். இப்போது கல்யாணப் பத்திரிகையிலும் ஓட்டல் மெனுவிலும் அதைப் பார்க்கிறேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் கையில் அப்படி ஒரு பத்திரிகை இருந்தால் சொல்லலாமா என்று தோன்றும். சொல்வதற்குள் என் ஸ்டாப் வந்துவிடும்.

போன மாதம் மேடம், பழைய பெட்டியின் அதே வரிகளைப் புது வகையில் அச்சிட்டு அனுப்பியிருந்தார். என் ஃபிலிமை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. ஒரே ஒரு எழுத்தில் மட்டும் என் கோடு இம்மி கூடுதல் கனம். அந்த ஒன்றில் நான் போட்டதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன். மேடத்திடம் சொல்லவில்லை. ஃபிலிமை மறுபடி இழுப்பறையில் வைத்துவிட்டேன்.