ஒரு கையெழுத்துக்கு ஏழு நாள்: பினாங்கிலிருந்து குற்றாலம்

இந்தத் தளத்துக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் கோயில், அருவி, எங்கே நல்ல சாப்பாடு என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். போன வாரம் துபாயிலிருந்து ஒரு பெண் வேறு மாதிரி கேட்டிருந்தார். கணவரின் வேலையை வைத்துத் தனக்குக் கிடைத்த விசாவை நீட்டிக்க வேண்டுமாம், கல்யாணத் தாள்களில் பெயர் குழப்பமாம், தென்காசிக்கு வந்து சரிசெய்ய எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டுமாம். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். இதே காரியத்துக்காக 1961 ஆடி மாதம் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்தவள் நான். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது, இப்போது எண்பத்தேழு. விதிகள் எவ்வளவோ மாறியிருக்கும். மாமியார்கள் மாறியிருப்பார்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

குழப்பம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயர் உலகம்மாள். தென்காசிக் கோயில் அம்மனின் பெயர் அது. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு உலகம்மாள் உண்டு. என் மாமியார் பெயரும் அதுவே. அப்படி அமைந்துவிட்டால் மருமகளை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மருமகளை ஏசினால் மாமியாரையே ஏசியதாகிவிடும் அல்லவா? அதனால் அத்தை எனக்குக் குற்றாலத்து அம்மன் பெயரைத் தேர்ந்தெடுத்து, குழல்வாய்மொழி என்று வைத்தார். வைத்ததோடு விட்டாரா? கல்யாண அழைப்பிதழிலும் அதையே அச்சடித்துவிட்டார். பாஸ்போர்ட் எடுத்தது உலகம்மாள், தாலி கட்டிக்கொண்டது குழல்வாய்மொழி. எங்கள் யாருக்கும் இது ஒரு பிழையாகவே படவில்லை.

என் கணவருக்குப் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை. அவரைச் சார்ந்தவள் என்ற பாஸில் நான் போனேன். ஒரு வருடம் முடிந்து நீட்டிக்கப் போனபோது, குடிநுழைவு அலுவலகத்து அதிகாரி மூன்று தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தார். கணவரின் தாளில் தாயார் பெயர் உலகம்மாள். என் பாஸ்போர்ட்டில் உலகம்மாள். அழைப்பிதழில் மணமகள் குழல்வாய்மொழி. மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க கல்யாணம் பண்ணின பொண்ணு எங்கேன்னு கேக்கிறார். இவங்க உங்க அம்மாவான்னும் கேக்கிறார்" என்றார். என் கணவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அதற்காக அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதிகாரி மேல் குறை சொல்ல மாட்டேன். மூன்று மாதம் தவணை கொடுத்தார். அழைப்பிதழ் அடித்த மாமியாரும் நானும் சொந்த ஊரில் ஒரு மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, இரண்டு பெயரும் ஒரே பெண்தான் என்று சத்தியம் செய்து கையெழுத்திட்டு, அந்தத் தாளோடு தவணைக்குள் நான் திரும்பிவிட வேண்டும். தவறினால் பாஸ் போய்விடும். ஊரிலிருந்து புதிதாக மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் காத்துக் கிடந்த பெண்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

கப்பலில் இடம் கிடைக்கவே கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஓடிவிட்டது. டெக்கில் பாய் விரித்து ஆறு இரவு, பிறகு நாகப்பட்டினம். அங்கிருந்து ரயில். திருச்சியில் ஒரு மாற்றம், விருதுநகரில் ஒரு மாற்றம், மறுநாள் மாலை ஐந்தரைக்குத் தென்காசி. பன்னிரண்டாம் நாள் காலை மறுபடி ரயிலேறினால்தான் திரும்பும் கப்பலைப் பிடிக்கலாம். அதற்கடுத்த கப்பல் தவணை முடிந்த பிறகுதான்.

ரயிலை விட்டு இறங்கியதும் முகத்தில் சாரல் அடித்தது. மழை என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. காற்று அதைச் சல்லடையில் சலித்து விடுகிற மாதிரி இருக்கும். அத்தை குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தார். மாமனார் காலமாகிவிட்டார், ஒரே மகன் பினாங்கில். "ஏட்டி குழலு, கடல் தண்ணி குடிச்சு கறுத்துல்லா போயிட்டே" என்பதுதான் வரவேற்பு.

மறுநாளே குதிரை வண்டி வைத்துக்கொண்டு வக்கீல் குமாஸ்தா வீட்டுக்குப் போனோம். நான் நனைந்து காய்ச்சலை இழுத்துக்கொள்ளக் கூடாது என்று என்னை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அத்தை மட்டும் உள்ளே போனார். கால் மணி நேரத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "மாஜிஸ்திரேட் ஐயா குத்தாலத்துல கேம்ப் போட்டிருக்காகளாம். ஒரு வாரம் ஆகுமாம். நாம தெனம் அங்கனயே போயிக் காத்துக் கெடக்கணுமாம்" என்றார். சாரல் காலத்தில் பெரிய அதிகாரிகள் குற்றாலத்தில் பங்களா பிடித்துத் தங்குவது வழக்கம்தான். நான் நம்பிவிட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல். பஸ்ஸில் பதினைந்து நயா பைசா, இருபது நிமிடம். குதிரை வண்டி என்றால் ஒரு ரூபாய், குதிரையின் மனநிலையைப் பொறுத்து முக்கால் மணி நேரம். முதல் நாள் பங்களாப் பக்கம் நடக்கத் தொடங்கிய என்னை அத்தை பேரருவிப் பக்கம் திருப்பினார். "ஐயா குளிக்கப் போயிருப்பாக. நாமளும் குளிச்சிட்டுப் போவோம்." தலையில் நல்லெண்ணெயை அப்பி, பெண்கள் பக்கம் கூட்டிப் போய் என்னை அருவிக்குள் ஒரு தள்ளு தள்ளினார். அருவி என் முதுகில் பத்துப் பேர் சேர்ந்து குத்துவது போல விழுந்தது. ஆறு நாள் கப்பல் உடம்பு அரை மணி நேரத்தில் பஞ்சாகிவிட்டது. வெளியே வந்தபோது பசி என்றால் அப்படி ஒரு பசி. சுடச்சுட ஏழு இட்லி சாப்பிட்டேன். அதற்குள் பன்னிரண்டு மணியாகிவிட்டது, ஐயா சாப்பாட்டுக்குப் போயிருப்பாராம்.

அதற்குப் பிறகும் ஐயாவைப் பார்க்க முடியாததற்குத் தினம் அத்தையிடம் ஒரு காரணம் இருந்தது. இரண்டாம் நாள் ஐந்தருவி. பேரருவியிலிருந்து மூன்று மைல், நடந்தே போனோம். குரங்கு ஒன்று என் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு மரமேறி, அதை வைத்துத் தன் தொடையை வாரிக்கொண்டது. மூன்றாம் நாள் பழக்கடையில் சண்டை. அத்தை எனக்கென்று மங்குஸ்தான் வாங்கிக் கொடுக்க, பினாங்கில் இதைவிடப் பெரிதாகக் கிடைக்கும் என்று சொல்லித் தொலைத்தேன். "பெருசா இருந்து என்னத்துக்கு? நம்ம ஊரு பழம் மாதிரி இனிக்குமா?" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் பண்பொழி திருமலைக் குமாரசாமி கோயில். பெயர் குழப்பத்தை அந்த முருகன்தான் தீர்க்க வேண்டும் என்பது அத்தையின் வாதம். படிகளை எண்ணத் தொடங்கி நூற்றைம்பதில் மூச்சு வாங்கி விட்டுவிட்டேன். அத்தை எனக்கு முன்னால் ஏறி, மேலே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் அந்த நாட்களைப் போல் நான் சிரித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் திரும்பும்போது விரல்விட்டு நாட்களை எண்ணுவேன். ஒரு நாள் போயிற்று, இன்னும் தாள் இல்லை. என் கணவர் பினாங்கில் தனியாகச் சமைத்துக் கையைச் சுட்டுக்கொண்டு இருப்பார். இங்கே நான் அருவியில் குதித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் நாள் அத்தை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பூ வாங்கப் போனேன். காக்கிப் பையோடு ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். அன்றைக்கு வாசல்வரை வந்து வண்டியில் இருந்த என்னைப் பார்த்த வக்கீல் குமாஸ்தாதான்.

"நீங்கதான பினாங்கு அம்மா? தாள் டைப் அடிச்சு ஆறு நாளாச்சு. ஐயா தெனம் பத்து மணிக்கு பங்களாவுலதான இருக்காக. மறுநாளே வாங்கன்னு உங்க அத்தைகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"ஒரு வாரம் ஆகும்னு நீங்க சொல்லலையா அண்ணாச்சி?"

"நான் எங்கன சொன்னேன்?"

எனக்கு வந்த கோபத்தில் பூவை வாங்காமலே திரும்பினேன். அத்தை கல்லில் உட்கார்ந்து தலையை விரித்துப் போட்டிருந்தார். "எனக்குப் பாஸ் போச்சுன்னா உங்களுக்குச் சந்தோசமா அத்தை?" என்று கேட்டேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை.

"போகாதுட்டீ. ரயிலுக்கு இன்னும் அஞ்சு நாள் கெடக்கு. நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"பின்ன எதுக்கு இந்தப் பொய்?"

"மொத நாளே முடிஞ்சிருந்தா அன்னைக்கே வாசுதேவநல்லூருக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பே. போயிருக்க மாட்டேன்னு சொல்லு பாப்போம்."

என் பெட்டியில் அண்ணன் பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் டப்பா இருந்தது. கையெழுத்து ஆனதும் அங்கே போய்ப் பத்து நாள் இருப்பது என்றுதான் கப்பலிலேயே தீர்மானித்திருந்தேன்.

"ஒத்தையில இட்லி அவிச்சு ஒத்தையில திங்கது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதுட்டீ" என்றார் அத்தை. கோபம் எனக்குப் போகவில்லை. ஆனால் அழுகை வந்துவிட்டது. அவர் தன் ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்குப் போவோம்" என்றார்.

ஏழாம் நாள் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பங்களா வாசலில் நின்றோம். அன்றைக்கும் அத்தை குளிக்காமல் வரவில்லை. தாளில் தண்ணீர் சொட்டாமல் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்படி குமாஸ்தா எங்களைத் திருப்பி அனுப்பினார். மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, மருமகளுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டார்.

"வீட்டுல நான் ஒரு உலகம்மா இருக்கையில, இன்னொரு உலகம்மாவ எப்படிங்கய்யா ஏசுதது?"

அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டதும் அடுத்த சிக்கல். இரண்டு இடத்திலும் உலகம்மாள். பினாங்கில் மறுபடி யாராவது சந்தேகப்படுவார்கள் என்று, இருவரும் அவரவர் கணவர் பெயரையும் சேர்த்து எழுதினோம். பிறகு குமாஸ்தா கடைசி வரியைப் படித்தார். என் மருமகள் பினாங்கு சென்று என் மகனுடன் வசிப்பதில் எனக்கு முழுச் சம்மதம்.

"சம்மதந்தானம்மா?" என்றார் மாஜிஸ்திரேட்.

அத்தை முடியை அள்ளிச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சம்மதமில்லய்யா. ஆனா அவ போகணும்."

"அப்படி எழுத முடியாதேம்மா."

"அப்போ சம்மதம்னே இருக்கட்டும்" என்றார்.

முத்திரை விழுந்தது. மிச்சமிருந்த நாட்களில் நான் வாசுதேவநல்லூருக்குப் போகவில்லை; அண்ணனைப் பிள்ளைகளோடு தென்காசிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். எல்லோருமாக மறுபடி ஐந்தருவி போனோம். பன்னிரண்டாம் நாள் ரயில், பிறகு கப்பல். தவணை முடிய நாலு நாள் இருக்கும்போது பினாங்கு அதிகாரி தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முத்திரை குத்தினார்.

துபாய்ப் பெண்ணுக்கும், இதே காரியமாகக் கிளம்பும் மற்றவர்களுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் வழங்கும் பெயர் எதுவாக இருந்தாலும் அழைப்பிதழில் பாஸ்போர்ட் பெயரை அச்சடியுங்கள். ஏற்கெனவே தவறியிருந்தால், இரண்டு பெயரையும் ஒரே தாளில் எழுதி, கல்யாணத்தைப் பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்கி மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குள் நீங்களே போங்கள், வண்டியில் உட்காராதீர்கள். சாரல் பார்க்க ஆனி, ஆடி நல்லது. தாள்களை எண்ணெய்த் துணியில் சுற்றினோம் நாங்கள்; உங்களுக்கு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. நான் சொன்ன கட்டணத்தை நம்பி யாரும் பஸ் ஏறிவிடாதீர்கள். விடுப்பு எத்தனை நாள் என்றால், வேலைக்கு ஒரு நாள் போதும்.

இரண்டு வருடம் கழித்து என் பாஸை மறுபடி நீட்டித்தார்கள். பழைய தாளே போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து என் கணவரிடம், அத்தையின் கையெழுத்து இன்னொன்று வேண்டுமாம், நேரில் போக வேண்டுமாம், எப்படியும் ஒரு மாதம் ஆகுமாம் என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.