அன்னபுஷ்பத்தின் முன்பல்

மண்ணூர் அன்னபுஷ்பத்தின் மேல் முன்பல்லில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு அரிசி உட்காரும். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. வயர்க்கட்டுக்கு டேப் சுற்றி முடித்ததும் டேப்பை அறுக்க வேண்டும். கட்டரோ மூன்று பேருக்கு ஒன்றுதான். தொலைந்துபோய் வயருக்குள் மாட்டிக்கொண்டால் மொத்தச் சரக்கும் நின்றுவிடும் என்பதால் கட்டரைக் கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். டார்கெட்டில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. பக்கத்துப் பெண் கட்டரைத் தரும்வரை யார் காத்திருப்பது? எல்லாருக்கும் பல் இருந்தது, கடித்தார்கள். சூப்பர்வைசர் கோமதிநாயகம் தினமும் பார்த்தார். பார்த்ததாக ஒருநாளும் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசி அவளுக்கு உயிர் போனது.

போன மாதம் கேன்டீனில் பல் முகாம் போட்டார்கள். நாலு பெண்களைப் பார்த்து முடித்த டாக்டர் கலைமதி, ஐந்தாவதாக அன்னபுஷ்பத்தின் வாய்க்குள் பார்த்ததும் டார்ச்சை அணைத்துவிட்டார்.

“நீங்க எல்லாரும் ஒரே லைனா?”

அதே பல், அதே பள்ளம். பல்லின் மேல்பூச்சு தேய்ந்தால் மறுபடி வளராது என்றார் டாக்டர். பல் நிறத்துப் பசை வைத்து அடைக்கலாம். திரும்பவும் கடித்தால் அதுவும் பெயர்ந்துவிடும், அப்புறம் வேர் சிகிச்சை, கேப் என்று போகும். முகாம் சீட்டில் காரணம் என்ற இடத்தில் ‘வேலையில் டேப் கடிப்பது’ என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் தன் கிளினிக்கில் பள்ளத்தை அடைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கியும் விட்டார்.

மறுநாள் கையெழுத்துக்காக ஆபீஸிலிருந்து ஆளுக்கொரு தாள் வந்தது. அதில் காரணம் மாறியிருந்தது: ‘தொழிலாளியின் கெட்ட பழக்கம்’. அன்னபுஷ்பம் அதை இரண்டு தடவை படித்தாள். பாக்கு போட்டதில்லை, சோடா குடித்ததில்லை. சொந்தப் பல்லைத் தேய்த்து இவர்களுடைய டார்கெட்டை முடித்துக் கொடுத்தவளுக்கு இதுதான் சர்டிபிகேட். மற்றப் பெண்கள் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதானே, வேலைக்கு நீயே வேட்டு வைத்துக்கொள்ளாதே என்றார் கோமதிநாயகம். அன்னபுஷ்பம் கையெழுத்துப் போடாமல் தாளை அவர் மேஜையில் வைத்துவிட்டு லைனுக்குப் போனாள்.

டேப்பைச் சுற்றினாள். கட்டர் இரண்டு பேர் தள்ளி இருந்தது. காத்திருந்தாள். அவளிடம் வயர்க்கட்டுகள் குவிந்தன, லைன் நின்றது. கோமதிநாயகம் ஓடி வந்தார்.

“இன்னாம்மா, கையக் கட்டிகினு நிக்கிற?”

“கெட்ட பழக்கத்த வுட்டுட்டேன் சார். கட்டர் வரட்டும், அறுக்கிறேன்.”

பக்கத்துப் பெண்ணும் கையைக் கட்டினாள். பிறகு கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராக. அரைமணி நேரம் ஒரு கட்டும் நகரவில்லை. கோமதிநாயகம் போனில் யாரிடமோ குழைந்தார். ஸ்டோரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஆளுக்கொரு கட்டர், உறைகூடப் பிரிக்காதவை. பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள் அன்னபுஷ்பம். அதில் ஒட்டியிருந்த சீட்டில் சரக்கு வந்த தேதி இருந்தது, நாலு வருஷத்துக்கு முந்தியது. லைன் முழுக்கக் கேட்கும்படி அதை உரக்கப் படித்தாள்.