காருக்குள் உட்காரும் கப்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த சின்ன பிளாஸ்டிக் கம்பெனி, அதுவரை பக்கெட், சோப்பு டப்பா, குளியலறை மக் என்று மனிதர்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் சாமான்களைத்தான் செய்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் முதலாளி ஒரு ஃபேக்ஸ் காகிதத்தைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு என் டிராயிங் மேசைக்கு வந்தார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கப் வேண்டுமாம். கார் ஓட்டிக்கொண்டே காபி குடிப்பதற்கான கப். அந்த ஊர்க் கார்களில் கப் வைப்பதற்கென்றே ஒரு குழி இருக்குமாம். அதில் ஆடாமல் உட்கார வேண்டுமாம்.

"அந்தக் குழிய நீங்க பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டேன்.

"அத எதுக்கும்மா பாக்கணும்? அளவுதான் போட்டிருக்கானே."

அளவு போட்டிருந்தது. கம்பெனியில் கார் வைத்திருந்தவர் முதலாளி ஒருவர்தான். அந்தக் காரிலும் குழிகள் இருந்தன. ஆனால் அவை காலுக்குக் கீழே, ரோடு தெரிகிற மாதிரி இருந்தன. அவற்றில் கப் வைத்தால் திருமுல்லைவாயிலில் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவள். கையில் பத்து மாதப் பெண் குழந்தை. பிரசவத்துக்கு நின்ற வேலைக்குத் திரும்பியபோது, "தற்காலிகம்தான், பாக்கலாம்" என்று எடுத்திருந்தார்கள். இந்த கப் தேறினால் நிரந்தரம் செய்கிறேன் என்றார் முதலாளி. வீட்டில் என் கணவர், எதையும் அதட்டிச் சொல்லத் தெரியாத நல்லவர், மெதுவாகவே சொன்னார்: "இந்த ஆர்டர் முடியற வரைக்கும் போ. சரியா வந்தா பாத்துக்கலாம். வரலன்னா, பாப்பா கொஞ்சம் பெரிசானப்பறம் போயேன்." 'கொஞ்சம் பெரிசு' என்பதற்கு எங்கள் வீட்டு அளவு எனக்குத் தெரியும். பாப்பாவின் கல்யாணச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் நான் வேலைக்குக் கிளம்பலாம். சரி என்று தலையாட்டினேன். அந்த வயதில் எனக்கு நன்றாக வந்த ஒரே வேலை தலையாட்டுவதுதான்.

குழந்தையைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். கணவருக்கு அக்கா, ஆவடியில் எங்கள் வீட்டுப் பின் போர்ஷனிலேயே இருந்தார். தினமும் காலையில் பால் ஆறியிருக்கிறதா என்று புறங்கையில் விட்டுப் பார்ப்பேன். வாசல் வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு முறை பார்ப்பேன்.

"இன்னாமே, பால பாக்க வந்தியா, என்ன பாக்க வந்தியா?" என்பார் நாத்தனார்.

"இல்ல அண்ணி, சூடு..."

"நானும் ரெண்டு பெத்தவதான். ரெண்டும் வெந்து போவல. ரயிலு போயிடும், கெளம்பு."

ரயிலில் உட்கார்ந்த பிறகு கேஸை மூடினேனா என்ற கேள்வி வரும். அது பட்டரவாக்கம் வரை கூடவே வந்து, நான் இறங்கிய பிறகும் என்னோடு இறங்கும்.

முதல் வேலையாகக் குழியைச் செய்தோம். தச்சரிடம் சொல்லி ஒரு மரக்கட்டையில் ஃபேக்ஸில் இருந்த அளவுக்குத் துளை போட்டு, கம்பெனி வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் கயிற்றால் கட்டினோம். கீழே ஒல்லியாகவும் மேலே அகலமாகவும் இருந்தால்தான் குழிக்குள்ளும் இறங்கும், காபியும் நிறையப் பிடிக்கும். அப்படித்தான் வரைந்தேன். முதல் மாதிரி குழிக்குள் அழகாக இறங்கியது. வெளியே எடுத்தபோது கட்டையும் கூடவே வந்தது. இரண்டாவது மாதிரியைக் கொஞ்சம் இளைக்க வைத்தேன். அது அம்பத்தூரிலிருந்து ஐயப்பன்தாங்கல் வரைக்கும் கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே வந்தது. அடிப்பக்கச் சரிவை மாற்றி மாற்றி வரைந்து, கடைசியில் சத்தமும் போடாமல் ஒட்டவும் ஒட்டாமல் ஒன்று உட்கார்ந்தது. பள்ளத்தில் வண்டி குதித்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். அது எழுந்திருக்கவில்லை.

வேன் டிரைவருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த விஷயத்தில் நம்பிக்கை கிடையாது.

"இன்னா மேடம் இது, வண்டிய ஓட்டிக்கினே டீ குடிக்கிறானா? ஏன், அந்த ஊர்ல டீக்கட கெடையாதா?"

"இருக்கும்ண்ணா. நிறுத்த நேரம் இருக்காது."

"டீ குடிக்கவே நேரம் இல்லாதவன் அப்டி எங்கதான் போய்க்கினு கீறான்?"

அது ஃபேக்ஸில் போட்டிருக்கவில்லை.

அடுத்தது மூடி. இங்கேதான் எங்கள் கம்பெனியின் மொத்த அறிவும் ஒன்று கூடியது. மாதிரி கப் ஒன்றே ஒன்று. சோதிக்கிறவர்கள் நான்கு பேர்: முதலாளி, டிரைவர், மூடியைக் கடைந்து கொடுத்த லேத்காரர், நான். ஒரு பாத்திரத்தில் நான்கு பேர் குடிக்க வேண்டுமென்றால் எப்படிக் குடிப்போம்? அண்ணாந்து, உதட்டில் படாமல் தூக்கித்தான். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. கப் கைக்குக் கை மாறியது. நான்கு தலைகளும் முறைப்படி வேனின் கூரையைப் பார்த்தன.

"நூலு மாரி வருதும்மா. சட்டையெல்லாம் தெறிக்குது. ஓட்டைய பெரிசு பண்ணு" என்றார் முதலாளி. பெரிதாக்கினோம். "இன்னும் கொஞ்சம்" என்றார் லேத்காரர். இன்னும் கொஞ்சம். கடைசியில் காபி தடிமனாக, வளைந்து, சொன்ன இடத்தில் விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் மூக்கைப் பார்த்து அந்த மூடிக்கும் ஒரு மூக்கு வைத்திருந்தேன்.

ஆனாலும் உள்ளே ஒரு உறுத்தல். ராத்திரி புரண்டு புரண்டு படுத்து யோசித்ததைக் காலையில் கேட்டேன்.

"சார், ஓட்டறவர் அண்ணாந்து குடிச்சா, ரோட்ட யாரு பாக்கறது?"

முதலாளி யோசித்தார். "பக்கத்துல ஒக்காந்திருக்கவங்க பாப்பாங்க."

"அவங்க ஒருவேளை வாய் வெச்சுக் குடிப்பாங்களோ சார்?"

"எச்சில் பண்ணியா? சேச்சே. படிச்சவங்கம்மா அவங்க. எவ்ளோ சுத்தமான நாடு!"

இவ்வளவு உறுதியாக ஒருவர் சொல்லும்போது, அந்த நாட்டைப் படத்தில் மட்டுமே பார்த்த நான் என்ன சொல்ல முடியும்? அவரும் படத்தில்தான் பார்த்திருந்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

மாதிரியைப் பார்க்க அந்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். உயரமானவர், வெள்ளைச் சட்டை. முதலாளி அவருக்கு மாலை போட்டு, முந்திரி பிஸ்கட் கொடுத்து, கடைசியில் வேனில் ஏற்றினார். டிரைவருக்குப் பக்கத்தில் அவர், பின்சீட்டில் நானும் முதலாளியும். அந்த அம்மா மரக்கட்டையைப் பார்த்துச் சிரித்தார். கப்பை எடுத்து வைத்து, மறுபடியும் எடுத்து வைத்து, "குட்" என்றார். என் உயிர் திரும்பி வந்தது. பிறகு அவர், வண்டி தொழிற்பேட்டைச் சாலையில் குலுங்கிக்கொண்டிருந்தபோது, கப்பை உதட்டில் வைத்துச் சாய்த்தார்.

நாங்கள் பாடுபட்டுப் பெரிதாக்கிய அந்த ஓட்டை தன் வேலையைச் சரியாகச் செய்தது. வந்த காபியில் பாதி மூக்குக்குப் போனது, மீதி வெள்ளைச் சட்டைக்கு. அந்த அம்மா இருமிய இருமலில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"அண்ணாந்து குடிக்கச் சொல்லுங்க மேடம்! தெரியாம வாய வெச்சுக்கினாங்க பாருங்க" என்றார், உண்மையான கவலையோடு.

முதலாளி என்னைக் கைகாட்டி, "டிராயிங் போட்டது இந்தப் பொண்ணுதான்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துவைத்தார். அதுவரை அந்த டிராயிங்கைப் போட்டது அவர் என்றுதான் பேச்சு.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிச்சம் இருந்ததை வாங்கி, தலையைத் தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துக் காட்டினேன். அந்த அம்மா சர்க்கஸ் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கப் சரியாக இருக்கிறது, மூடியைத் தூக்கிப் போடுங்கள், எங்கள் ஊரில் ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்ப்பது வழக்கம் என்றார். ஊருக்குத் திரும்புவதற்கு முன் மகாபலிபுரம் போய் வருகிறேன், அதற்குள் வேறு மூடி தயாரானால் பார்க்கிறேன் என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும், "இன்னா, கப்பு தேறிச்சா?" என்று கேட்ட நாத்தனாரிடம், "பாதி" என்றேன்.

"பாதின்னா? நீ பாதி நாள் போவப் போறியா?"

லேத்காரர் பல அளவில் சின்னச் சின்ன ஓட்டையோடு மூடிகள் கடைந்து கொடுத்தார். இப்போது அவற்றை வாய் வைத்துக் குடித்துப் பார்க்க வேண்டும். கம்பெனியே கூடி நின்று பார்த்தது. யாரும் கையை நீட்டவில்லை.

"நீங்க வாய் வெச்சதுல நான் வெக்கறது நல்லா இருக்காதும்மா. நான் வெச்சதுல நீங்களும் வெக்க மாட்டீங்க" என்றார் லேத்காரர்.

டிரைவர், "நம்மளுக்கு ஒத்து வராது மேடம், ஓட்டறேன், அத்தோட உட்ருங்க" என்றார்.

முதலாளி ஒரு நாட்டின் பெருமையைக் காக்கிறவர் குரலில் சொன்னார்: "நீதான்மா குடிக்கணும். பொம்பளப் புள்ள, பொறுமையா குடிப்ப."

ஆக, ஏற்றுமதித் தொழிலின் எதிர்காலம் என் உதட்டில் வந்து நின்றது. பள்ளிக்கூடப் பானையிலிருந்து கல்யாண வீட்டு லோட்டா வரை எதிலும் வாய் வைத்தால் முதுகில் ஒன்று விழும் என்று வளர்ந்தவள் நான். பூந்தமல்லி ரோட்டில் ஓடும் வேனில், சுடச்சுட காபியில், ஆண்கள் மூன்று பேர் பார்க்க, வாய் வைத்தேன். ஒன்றுமே வரவில்லை. எனக்கு உறிஞ்சத் தெரியவில்லை என்று முதலில் நினைத்தேன். எதுவும் நடக்காவிட்டால் என்னிடம்தான் குற்றம் என்று நினைப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். கொஞ்சம் கழித்துத்தான், காபி வெளியே வர காற்று உள்ளே போக வேண்டும், அதற்கு மூடியில் வழியே இல்லை என்று புரிந்தது. மூடியின் எதிர்ப்பக்கம் ஊசி முனை அளவுக்கு இன்னொரு துளை போடச் சொன்னேன். வந்தது. வந்த வேகத்தில் மேலுதடு வெந்தது. ஓட்டையைச் சுற்றி ஒரு சின்ன வரப்பு வைத்தேன். உதடு பிழைத்தது.

திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். குடித்துக்கொண்டே எதிரே வந்த தண்ணீர் லாரியையும், அதன் முன்னால் நின்ற எருமையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எருமை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த ஏற்பாட்டின் மொத்தத் தாத்பரியமும் இதுதான் என்று அப்போதுதான் எங்கள் வேனில் யாருக்காவது தெரிந்தது.

அந்த அம்மா மகாபலிபுரத்திலிருந்து மூக்குச் சிவந்து வந்தார். இந்த முறை வெயிலால். சட்டை கறுப்பு. முன்ஜாக்கிரதை. வண்டி கிளம்பியது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். வெளியே ஏதோ கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டே, கீழே பார்க்காமல், கப்பைக் குழியில் வைத்தார். அது உட்கார்ந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. முதலாளிக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது, அதையும் போட்டார்.

"நான் அப்பவே நெனச்சேன், வாய் வெச்சுத்தான் குடிப்பாங்கன்னு" என்றார் முதலாளி, அவரை அனுப்பிவிட்டு வந்து. பிறகு என்னை நிரந்தரம் செய்வதாகவும் சொன்னார், ஒரே மூச்சில், இரண்டுமே அவருடைய யோசனை என்பதுபோல.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் என் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டருகில் நின்றிருந்தார். கணவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வேல பர்மனென்ட் ஆயிடுச்சு."

இவ்வளவு நாளும் இந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று ரயிலில் ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்கு என்ன பதில் வரும் என்று மட்டும் யோசிக்கவே இல்லை.

"நல்லது" என்றார் நாத்தனார். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினார். "உன்ன அவங்க பர்மனென்ட் பண்ணிட்டாங்க. என்ன யாரு பர்மனென்ட் பண்ணது?"

நான் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன்.

"இந்த ஆர்டர் முடியற வரைக்கும்னு சொன்னீங்க. சரின்னேன். இப்ப இது வயசுக்கு வர்ற வரைக்கும் நான்தானா? எனக்கு திருவேற்காடு போயி எத்தினி மாசம் ஆவுது தெரியுமா? லீவு கேக்கணும்னா யார்கிட்ட கேக்கறது, உங்க மொதலாளிகிட்டயா?"

குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியவில்லை. என் வேலை தேறியதா என்று இத்தனை நாள் எல்லோரும் கேட்டோம். அது தேறினால் யாருடைய நாள் அதற்குப் போகும் என்று படித்தவளான நானும் கேட்கவில்லை.

"சனிக்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் உங்களுக்கு லீவு அண்ணி" என்றேன்.

"சனிக்கிழம உனக்கு வேல இருக்குதே."

இருந்தது. தொழிற்பேட்டைக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே திரும்பிப் பார்த்தோம். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை கிடையாது. இது மூன்று பேருக்குமே தெரியும். டிவியில் வயலும் வாழ்வுமாக ஏதோ உரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனாலும் அவர் அதையே கூர்ந்து பார்த்தார்.

"டேய், ஒன்னத்தான்" என்றார் நாத்தனார்.

அவர் டிவியை அணைத்தார். குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"பால எவ்ளோ சூடு பண்ணணும்?" என்று கேட்டார்.