வேர் பார்த்துச் சமைத்தவர்

எங்கள் அம்மா தெல்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தார். தாயை இழந்தபோது அம்மாவுக்குப் பத்து வயது. தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, ஒரு வயது. தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர், பிறகு கொழுந்துக் கூடையைச் சுமந்தார். எனக்கு நான்கு வயதில் அப்பா காலமானார். அம்மா தனியாளாய் நின்று என்னைப் படிக்க வைத்தார். இவையெல்லாம் உறவினர்களான உங்களுக்குத் தெரிந்தவை. ஓராண்டு நினைவு மலரில் தெரிந்ததை மட்டும் எழுதுவதுதான் மரியாதை என்று சிலர் சொன்னார்கள். உங்கள் மரியாதையை அம்மா உயிரோடு இருந்தபோதே நிறையப் பார்த்துவிட்டோம்.

இடியும் மழையும் ஓய்ந்த மறுநாள் காலையில், காட்டோரத்துக் கறையான் புற்றுகளில் காளான் முளைக்கும். அம்மா அதை ஒடிக்க மாட்டார். குடையின் கூரான உச்சியைப் பார்ப்பார், அடிப்பக்க நிறத்தைப் பார்ப்பார், பிறகு குச்சியால் மண்ணைக் கிளறிப் புற்றுக்குள் ஆழமாய் இறங்கும் வேரோடு எடுப்பார். வேர் அறுந்து வந்தால் எவ்வளவு நல்ல காளானானாலும் அங்கேயே போட்டுவிடுவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

"கொடை எல்லாத்துக்கும் ஒன்னு மாதிரிதான்டி இருக்கும். வேரு புத்துக்குள்ள போகுதான்னு பாரு. பாக்காம சட்டியில போடாத" என்பார்.

நான் எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டு, மாமா வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சாக்கில் காளான் கொண்டுவந்தார். எல்லாம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் தரையோடு சீவியவை. ஒன்றிலும் வேர் இல்லை. அம்மா கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க வெட்டுன?"

"ஆத்தோரம் புல்லு மேட்டுலக்கா."

"புத்து இருந்துச்சா?"

"மழையில யாரு பாத்தா?"

"கொட்டிடு தம்பி. இது வேணாம்."

"மஞ்சளும் பூண்டும் போட்டு அவிச்சா, வெசம்னா கறுத்துரும். நீ ஒன்னு அக்கா, எதுக்கெடுத்தாலும் பயம்."

மாமா சாக்கைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்த் தானே அவித்தார். சட்டியில் மஞ்சளும் கறுக்கவில்லை, பூண்டும் கறுக்கவில்லை. மாமா இரண்டு வாய் சாப்பிட்டார். மலையில் கொழுந்து பறித்துவிட்டுப் பசியோடு வந்த அவர் மனைவி, என் அத்தை, வயிறாரச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கண்டி ஆஸ்பத்திரியில் அத்தை இறந்துபோனார்.

யார் பறித்தது என்று டாக்டர் விசாரித்தபோது மாமா சொன்னார்: "அக்காதான் பாத்து நல்லதுன்னு சொன்னாங்க." அம்மா பக்கத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையை வலிக்க வலிக்க அழுத்தினார். வெளியே வந்த பிறகு, "பொண்டாட்டியும் போயிட்டா. அவன்தான் காரணம்னு ஊரு சொன்னா அவன் உசிரோட இருக்க மாட்டான். நான் இருக்கிற வரைக்கும் நீ பேசக்கூடாது" என்றார்.

நானும் பேசவில்லை. ஆனால் நீங்கள் பேசினீர்கள். விஷக் கை என்றீர்கள். கல்யாண வீடுகளில் காய் நறுக்கக்கூட அம்மாவை விடவில்லை. தீபாவளிக்கு அவர் கொடுத்தனுப்பிய முறுக்கை எங்கள் கண்ணெதிரே நாய்க்குப் போட்டவர் இந்த மலரையும் வாங்கிப் படிப்பார். மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அம்மா அதற்குப் பிறகு காட்டோரம் போகவே இல்லை. கடைசி ஆண்டுகளில் கண்டியில் என்னோடு இருந்தபோதும், சந்தையில் காளான் கூடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மாமாவிடம் இனி யாரும் எதையும் கேட்க வேண்டாம். அம்மா அவரை என்றோ மன்னித்துவிட்டார். நான் மன்னிக்கவில்லை.

அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவுக்கு என் முதல் நன்றி. அம்மா சமைத்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். பாடை கட்டியவர்களுக்கும், மழையில் சுடலை வரை வந்தவர்களுக்கும் நன்றி. அம்மா கையால் ஒரு வாய்ச் சோறு வாங்காத உறவினர்களே, அன்று நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்று அவருக்கு வாய்க்கரிசி போட்டீர்கள். முதலில் போட்டவர் மாமா. யார் கை என்று பார்க்காமல் அம்மா வாங்கிக்கொண்டார்.