தொட்டிலுக்கு ஒரு தனி வரி

கணக்கு அக்கா எப்போதும் கடைசி வரியைத்தான் பலகையில் முதலில் எழுதுவார்: "எதுவும் பூச்சியத்துக்குக் குறையக் கூடாது." ஒருமுறை அதை மறந்துபோனதில், லாபம் உச்சத்துக்கு ஏற வேண்டுமென்றால் மைனஸ் ஆறு முக்காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது கணினி. அன்றிலிருந்து மரப்பட்டறை முழுவதும் ஒரே கேலி: "அக்கா, இன்னைக்கு எத்தனை முக்காலிய உடைக்கணும்?"

"உன் வாயத்தான் முதல்ல உடைக்கணும்" என்பார், திரும்பாமலே.

நாற்காலி, மேசை, முக்காலி, தொட்டில். மாதம் பிறந்தால் எதில் எத்தனை செய்வது என்று கணக்குப் போடுவது அவர் வேலை. ஒவ்வொன்றும் தரும் லாபம் மேலே. அதற்கு முட்டுக்கட்டை போடும் மரம், வார்னிஷ், ஆட்களின் வேலை நேரம் எல்லாம் கீழே, வரிக்கு ஒன்றாக. கணினியைத் தொடுமுன் மர அடுக்கைத் தட்டிப் பார்ப்பார். வார்னிஷ் டின்னை ஆட்டிப் பார்ப்பார். காகிதத்தில் மட்டும் இருக்கும் மரம் அவருக்கு மரமே அல்ல.

இந்த மாத விடை: தொட்டில், பூச்சியம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தொட்டில் அண்ணனுக்கு வேலை இல்லன்னு ஆகுதேம்மா. நான் சொல்லல, உன் கணக்குதான் சொல்லுது."

தொட்டில் அண்ணனின் வலக்கையில் இரண்டு விரல்கள் கிடையாது. ரம்பம் வாங்கிக்கொண்டது. எந்திரத்தின் பக்கம் அவரை யாரும் விடுவதில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுகளை இழைத்துத் தொட்டில் மட்டும் செய்கிறார்.

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பலகை முன்னால் நின்று வேலை நேர வரியை விரலால் தடவிக்கொண்டிருந்தவர், சட்டென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும், முதலாளி! எல்லார் நேரத்தையும் ஒரே பானையில கொட்டிட்டேன். ஒரு தொட்டில் செய்யற நேரத்துல நாலு நாற்காலி ஆகுமேன்னு கணினி பார்க்குது. அண்ணன் எங்க நாற்காலி செய்யறாரு? அவரு நேரம் வேற, அவரு மரம் வேற."

"இரக்கப்பட்டு மாத்தறியா?"

"இரக்கமா? கூலி போக லாபம் நிக்குதான்னு நீங்களே பாருங்க."

அண்ணனின் நேரத்துக்கு ஒரு தனி வரி. துண்டு மரத்துக்கு இன்னொன்று. பொத்தானை அழுத்திவிட்டு அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். நாற்காலி ஒன்றுகூடக் குறையவில்லை. தொட்டில், ஐந்து.

"கொஞ்சந்தான் நிக்குது" என்றார் முதலாளி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"நிக்குதுல்ல?"

இது எதுவும் தெரியாத தொட்டில் அண்ணன், அக்கா வெளியே வந்ததும் இழைப்புளியிலிருந்து நிமிர்ந்தார். "என்ன தங்கச்சி, இன்னைக்கு எத்தனை முக்காலிய உடைக்கணும்?"

அக்கா துண்டுக் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டு போய், அவருடைய இடக்கைப் பக்கமாக வைத்தார்.