தாத்தாவின் இருமலும் ரோமாபுரியின் வீழ்ச்சியும்

ரோமாபுரி சூறையாடப்பட்டபோது, "பழைய தெய்வங்களைக் கைவிட்டீர்கள், அதுதான் இந்தக் கதி" என்றார்கள் பழைய மதத்தார். "எங்கள் தேவன் வருமுன்னே இதைவிடப் பெரிய கேடெல்லாம் வந்ததே" என்று கிறிஸ்தவர்கள் பதிலுக்கு வரலாறே எழுதினார்கள். செகந்திராபாத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் இதை நடத்துகிறேன். அதே சண்டை எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றித் தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார் அப்பா. சொன்னதோடு விட்டாரா? "உங்க அத்தை ஞானஸ்நானம் வாங்கின மாசமே அவர் படுத்துட்டாருன்னு எழுது. குலதெய்வம் சும்மா விடுமா?" என்றார்.

விஷயம் தெரிந்து குஷாய்குடாவிலிருந்து அத்தை போன் செய்தாள். "நக்கோம்மா, வேணாம், அப்படி எழுதாதே. என் ஜெபத்தாலதான் அவரு நோவில்லாம போனாரு."

தாத்தா திதிக்குத் தவறாமல் வருவாள் அத்தை. வராந்தாவைத் தாண்டி அப்பா அவளை விட்டதில்லை. படைத்ததை அவள் தொடமாட்டாள் என்பதால், படையலுக்கு முன்பே அம்மா கொஞ்சம் எடுத்து ஒளித்து வைப்பாள். அதை அத்தை வராந்தா நாற்காலியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவாள். கூடப் பிறந்தவளுக்கு இந்த மரியாதை! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சமையலறைக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். தாத்தாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"நான் கல்யாணமாகி வந்தப்பவே ரத்தமா இருமுவாரு. யார்கிட்டயும் சொல்லாதேம்மாம்பாரு. அப்ப உங்க அத்தை வெள்ளிக்கிழமையானா பிள்ளையார் கோயிலுக்குப் போயிட்டிருந்தா. நோவில்லாமயாவது! கடைசியில துடிச்சுப் போயிட்டாரு."

"அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாமேம்மா?"

"யாரு என்னைக் கேட்டாங்க? அண்ணனும் தங்கச்சியும் சொல்லிக்கிட்டே இல்ல இருந்தாங்க!"

அதையே எழுதினேன். திதிக்கு முந்தின நாள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இருமுவாரு, தெரியும். ஒர்க்‌ஷாப் புகைன்னு நெனச்சேன். ரத்தமா?" என்றார். பாவமாக இருந்தது.

மறுநாள் அத்தை வழக்கம்போல் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா நிலைப்படியில் நின்று, "உள்ளே வா" என்றார்.

"கைக்கு? எதுக்கு வரணும்? அப்பாவைக் கொன்னவ உள்ள வரலாமா?" அத்தை எழுந்திருக்கவில்லை.

அப்பா உள்ளே போய் ஒரு வெறும் இலையை எடுத்துவந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"படைக்கிறதுக்கு முன்னாடி அவளுக்கு எடுத்து வெச்சிருப்பியே," என்றார் அம்மாவிடம், "அதுல எனக்கும் போடு."